கணுக்கால் பிடி

கபடி வீரர்கள் வந்த வேனிலிருந்து மூன்றாவதாக இறங்கியவர்தான் இளமாறன்.

முதலில் இறங்கியவர் வடநாட்டுக்காரர். கதவில் தலை இடித்துவிடாமல் நன்றாகக் குனிந்து இறங்கி, நிமிர்ந்ததும் பிள்ளைகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அடுத்தவர், மீசை இன்னும் சரியாக அடராத ஒரு சேலத்துப் பையன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடத்து மரங்களில் இருந்த காக்கைகள் மொத்தமும் கிளம்பிவிட்டன. நான் பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் ரோஜாப் பூவும் வைத்த தட்டோடு நின்றிருந்தேன்.

டிவியில் தெரிவதைவிட இளமாறன் உயரம் குறைவு. இடது முழங்காலை மடக்காமல் பக்கவாட்டில் ஊன்றி இறங்கினார். கைவிரல்கள் கணுவுக்குக் கணு வீங்கியிருந்தன. சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சந்தனத்தை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, "வணக்கம் டீச்சர்" என்றார். நான் பதில் வணக்கம் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. தட்டில் கற்கண்டு உருண்ட சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதே நேரத்தில் ஒலிபெருக்கி முழங்கியது. "இதோ வந்துட்டாரு! காவிரி கடல்ல கலக்குற எடத்துல பொறந்து, இந்தியா பூரா ரெய்டருங்க காலைக் கட்டிப்போட்ட நம்ம வீட்டுப் பிள்ளை! எல்லாரும் ஜோரா ஒரு கைதட்டு குடுங்க!"

அது என் அண்ணன் குமரேசனின் குரல். மேடையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக அவன் மைக்கைப் பிடித்திருந்தான். அண்ணன் அந்த நாற்காலிக்கு வந்த கதையில் இளமாறனும் இருக்கிறார். அன்று மைதானத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். இளமாறனுக்கு மட்டும் தெரியாது.

ஒரே வரியில் விட்டது

இந்தத் தொடரில் போன வாரம் அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுதியபோது, "அப்போது அண்ணன் படுக்கையில் இருந்தான்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். ஏன் படுக்கையில் இருந்தான் என்று சிலர் கேட்டுவிட்டார்கள். எழுதுவதற்கு முன் அண்ணனிடம் கேட்டேன்.

"எழுது பாப்பா. ஆனா அழுவாச்சியா எழுதாத" என்றான். எனக்குக் கல்யாணமாகி, கணக்கு டீச்சராகி, தலையில் நரையும் எட்டிப் பார்த்துவிட்டது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

எங்கள் ஊர் வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்தவர்கள். கொஞ்சம் நிலம் எங்கள் பெயருக்கு வந்தது பிற்பாடுதான். அம்மா நாற்றுப் பறிக்கும் வேகத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். பிற்பாடு அந்தக் கைகளுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது.

உளுந்து எடுத்த வயல்

சம்பா அறுவடை முடிந்து, ஊடே விதைத்த உளுந்தையும் எடுத்த பிறகு, மேட்டூர்த் தண்ணீர் வருகிறவரை எங்கள் பக்கத்து வயல்கள் வெடித்துக் கிடக்கும். அதுதான் எங்களுக்குக் கபடிக் காலம். ஏதாவது ஒரு வயலில் அறுத்த நெல்தாளைச் செதுக்கி எடுத்து, இரண்டு வயலுக்கு நடுவில் இருக்கும் வரப்பை வெட்டிச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து மிதித்து, சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆடுகளம் தயார். மூங்கிலில் டியூப் லைட் கட்டுவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அணிகள் வந்து இறங்கும்.

எங்கள் தெருப் பையன்களுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. மற்ற நாட்களில் "டேய்" என்று கூப்பிடப்படுகிறவர்களை அன்றைக்கு மைக்கில் "அவர்கள்" போட்டு அழைப்பார்கள். "அடுத்து பாடிச் செல்பவர் குமரேசன் அவர்கள்" என்று கேட்பதற்காகவே அம்மா வருவாள். ஆட்டத்தைப் பார்க்க மாட்டாள். அடிபட்டுவிடுமோ என்று பயம். பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டு, மைக்கை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

மூச்சை விடாமல் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் போய், தொட்டுவிட்டுத் திரும்புகிறவனைத்தான் பாடிப் போகிறவன் என்போம்; டிவியில் ரெய்டர் என்பார்கள். அண்ணன் அதில் கெட்டிக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, அந்த நினைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் போட்டியில், பூம்புகார் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. மீனவப் பிள்ளைகள். கட்டுமஸ்தான ஆட்கள். அவர்களில் ஒருவன் மட்டும் ஒல்லி. பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது. இடது மூலையில் நின்று ஆடினான். அவன் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இளமாறன்.

இறுதி ஆட்டம் விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் நடந்தது. நான் கயிற்றை ஒட்டி நின்றிருந்தேன். அண்ணன் உள்ளே போய், எதிரணிப் பக்கத்து உள்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அந்த ஒல்லிப் பையன் தரையோடு தரையாக வந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். ஒரு கை குதிகாலுக்கு அடியில், ஒரு கை அதற்கு மேலே. நெற்றியை முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டான். அண்ணன் அவனையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டை நோக்கித் தாவினான். அதற்குள் மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். வெட்டிச் சமன் செய்த வரப்பில் ஓரிடம் சரியாக வெட்டப்படாமல் மேடாக இருந்திருக்கிறது. அண்ணனின் முதுகு அதன்மேல் மடங்கியது.

விசில் ஊதினார்கள். எல்லோரும் எழுந்தார்கள். அண்ணனின் கை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டதா இல்லையா என்று இரண்டு அணிக்கும் சண்டை. அவன் எழுந்திருக்கவில்லை என்பதை யாரும் உடனே கவனிக்கவில்லை. நான் கயிற்றுக்குள் நுழைந்து ஓடினேன். வாயில் மண் ஒட்டியிருக்க, என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டான்.

"பாப்பா, என் காலு எங்க இருக்கு?"

கையையும் காலையும் பிடித்து ஒரு லோடு வண்டியில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அப்படித் தூக்கியிருக்கக் கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். எங்களில் யாருக்கு அது தெரியும்? இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை.

ஏசுவதற்கு ஒருவர்

படுக்கையில் கிடக்கிறவனை அசையாமல் விட்டால் புண் வந்துவிடும். இரவும் பகலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதலில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து செய்தார்கள். அப்பா போன பிறகு அம்மா தனியாகச் செய்தாள். காலையில் வயலுக்குப் போவதற்கு முன் அவன் கால்களுக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவி, முழங்காலை மடக்கி நீட்டுவாள். யார் கற்றுக்கொடுத்ததையும் அவள் அரைகுறையாகச் செய்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அப்படியே செய்வாள்.

அம்மாவுக்கு ஏச ஓர் ஆள் தேவைப்பட்டது. வரப்பை வெட்டியது எங்கள் தெருப் பையன்கள். அவனைத் தூக்கியது எங்கள் சொந்தக்காரர்கள். அவர்கள்தான் ராத்திரி பகல் பாராமல் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தார்கள். அவர்களை எப்படி ஏசுவாள்? காலைப் பிடித்தவன் தொலைவில் இருந்தான். அவன் முகம்கூட அவளுக்குத் தெரியாது. "காலப் புடிச்சானே, அவன் கை வெளங்குமா?" என்று தண்ணீர் எடுக்கும்போது, சோறு வடிக்கும்போது, தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்வாள்.

சில வருஷங்கள் கழித்து, தொழில்முறைக் கபடி டிவியில் வர ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் என்னை உரக்கக் கூப்பிட்டான்.

"பாப்பா, இங்க வா! இந்தா நிக்கிறான் பாரு, அந்தப் பையன்!"

உடம்பு ஏறியிருந்தது, தாடி வந்திருந்தது. ஆனால் அதே தாழ்வான பாய்ச்சல், அதே பிடி, நெற்றியை அதே மாதிரி அழுத்துவது. வர்ணனையாளர் பெயரைச் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் டிவியைப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. இளமாறன் ஆடும் நாட்களில் அண்ணன் டிவி முன்னால் இருப்பான். அம்மா வீட்டுக்கு வெளியே இருப்பாள். நான் நடுவில் இருப்பேன். இளமாறன் யாரையாவது பிடித்துவிட்டால் அண்ணன் நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கித் தட்டுவான். அவர் காயம்பட்டு ஒரு சீசன் ஆடாதபோது இவன் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அது விளங்கவே இல்லை. ஒருமுறை கோபமாகவே கேட்டேன்.

"ஒனக்கு ரோஷமே கெடையாதாண்ணே?"

"எதுக்கு?" என்றான். அவ்வளவுதான் பதில்.

மைக்கும் ஒரு நாற்காலியும்

அண்ணன் மைக்குக்கு வந்தது தற்செயல். ஊர்ப் போட்டி ஒன்றில் அவனை மரியாதைக்காக மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். வர்ணனை செய்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அண்ணன் கையை நீட்டி மைக்கை வாங்கினான். "பாடி வர்றாரு... தம்பி, பாத்துப் போங்க, மூலையில ஆள் நிக்கிது... போச்சு, போச்சு, காலு போச்சு!" என்று அவன் சொன்னபோது கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அவனே முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது கீழ்வேளூரிலிருந்து கும்பகோணம் வரை எங்கே போட்டி நடந்தாலும் அவனைக் கூப்பிடுகிறார்கள். லோடு ஆட்டோவில் நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அதனால்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி என்றதும், தலைமையாசிரியை நேராக என்னிடம் வந்தார். சீசன் தொடங்குவதற்கு முன் டிவியில் ஆடும் தொழில்முறை அணி ஒன்றின் வீரர்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசி, ஆட்டம் சொல்லிக்கொடுப்பது வழக்கமாம். எங்கள் பெண்கள் அணிக்கு ஆடுகள விரிப்பும் தருகிறார்களாம். "தமிழரசி, உங்க அண்ணன்தான் தொகுத்து வழங்கணும். அவரை விட்டா ஆள் கிடையாது" என்றார். அவர் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். பழைய கதை தெரியாது. வரப்போகிறவர்களில் இளமாறனும் ஒருவர் என்று பிறகுதான் சொன்னார்.

அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். போகாதே என்றும் சொன்னேன்.

"ஏன் போகக் கூடாது? அவனை நேர்ல பாக்கணும்னு எத்தனை வருஷமா நெனச்சிருக்கேன்."

"அவரு ஒன்ன அடையாளம் கண்டுக்கிட்டா?"

"கண்டுக்க மாட்டான். அன்னிக்கு நான் நின்னுக்கிட்டிருந்தேன்."

அம்மாவுக்கு அன்று முழுக்க அவனோடு இருந்தாக வேண்டிய நிலை. நான் வரவேற்பில் இருப்பேன். அவனுடைய சிறுநீர்ப் பையைப் பார்த்துக் காலி செய்ய, நேரத்துக்கு நேரம் நாற்காலியில் தூக்கி நகர்த்தி உட்கார வைக்க வேறு ஆள் இல்லை. "நான் வர்றேன். அவன் மூஞ்சில மட்டும் முழிக்க மாட்டேன்" என்றாள் அம்மா. மேடைக்குப் பின்னால், துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த கேள்வி

வடநாட்டு வீரர் இந்தியில் பேசியதைச் சேலத்துப் பையன் தமிழில் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கேள்வி நேரம். கேள்வி கேட்கும் பிள்ளையைக் கை காட்டி அழைப்பது அண்ணனின் வேலை. என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள்.

எங்கள் பெண்கள் அணியில் மூலையில் நின்று ஆடும் ஆர்த்தி எழுந்தாள். பிளஸ் ஒன் மாணவி. வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"இளமாறன் சார், நீங்க புடிச்சு யாருக்காவது பெரிய அடி பட்டிருக்கா? எனக்கு காலப் புடிக்கப் போறப்பல்லாம் அந்தப் பயம் வருது சார்."

 இளமாறன் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பட்டிருக்கும்மா. ஒரே ஒரு தடவை. நான் அப்ப சின்னப் பையன். இந்தப் பக்கம்தான், வலங்கைமானுக்குப் பக்கத்துல ஏதோ ஒரு ஊரு. பேரு ஞாபகம் இல்ல. ஃபைனல்ல ஒரு அண்ணன் பாடி வந்தாரு. நல்ல வேகம். நான் காலப் புடிச்சேன், எல்லாரும் மேல விழுந்துட்டாங்க. அவரு எந்திரிக்கல. வண்டில ஏத்திக்கிட்டுப் போனாங்க. எனக்குச் சோறே எறங்கல. எங்க கோச் விசாரிச்சுட்டு வந்து, ஒரு வாரத்துல எந்திரிச்சு நடந்துட்டாருடா, நீ ஆடுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் ஆடினேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

"அவர ஒரு தடவ பாக்கணும்னு நெனப்பேன். இங்க யாருக்காவது அந்த அண்ணனத் தெரியுமாங்க?"

மைதானத்தில் எங்கள் ஊர் ஆட்கள் ஓரம் ஓரமாக நின்றிருந்தார்கள்.  ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அன்று அண்ணனை வண்டியில் தூக்கிப் போட்ட எங்கள் சித்தப்பா மகன், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகளுக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும், அவர்களும் அடங்கிவிட்டார்கள். ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தலைமையாசிரியை ஒன்றும் புரியாமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான்.

"எனக்குத் தெரியும் தம்பி. அவரு நல்லா இருக்காரு." அவன் குரலில் எந்தப் பிசிறும் இல்லை. "ஆர்த்தி, நீ பயப்படாமப் புடி. அடுத்த கேள்வி யாரு?"

இன்னும் இரண்டு மூன்று கேள்விகளை அவனே நடத்தினான். பிறகு வீரர்கள் புது விரிப்பில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க இறங்கியதும், விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டான். கையில் கிடைத்த மைக்கை அவன் அப்படி விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மா தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

புங்க மரத்தடியில்

வகுப்பறையில் விருந்தாளிகளுக்கு இலை போட்டிருந்தோம். இளமாறன் சாப்பிடவில்லை. கை கழுவப் போவதுபோல் எழுந்து, நான் நின்ற இடத்துக்கு வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் அதைச் சொன்னப்ப கிரவுண்டே அமைதியாயிடுச்சு. ஏன்?"

இந்த மனிதரை என்றாவது பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் வருஷக்கணக்காக யோசித்து வைத்திருந்தேன். இரவில் அண்ணனைப் புரட்டிப் போட்டுவிட்டு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேரும். அன்று அவர் என் முன்னால் நின்றபோது அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. நல்லா இருக்காரு என்று அண்ணன் ஊரறியச் சொல்லிவிட்டான். அதை மாற்றிச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

"அதை எங்க அண்ணன்கிட்டதாங்க கேக்கணும்" என்றேன்.

"மைக்ல பேசினவரா?"

"ஆமாங்க."

அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அண்ணன் இருக்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மீதியைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இளமாறனை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் அவர் ஆடும் ஆட்டம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். அண்ணனும் அவரும் இப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள். அவர் ஆட்டத்தில் தப்புக் கண்டுபிடித்து அண்ணன் திட்டுகிறான், அவர் கேட்டுக்கொள்கிறார். அன்றைய மத்தியானத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கட்டடத்துக்குப் பின்னால் புங்க மரத்தடியில் அண்ணனின் நாற்காலி இருந்தது. அம்மா சிறுநீர்ப் பையைக் காலி செய்து மாட்டிவிட்டு, அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இளமாறன் போய் அவர்கள் முன்னால் நின்றார்.

"அண்ணே, அது நீங்களா?"

அண்ணன் அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன்.

"ஒக்காரு தம்பி. நீ நின்னா நான் அண்ணாந்து பாக்கணும்."

அவர் மண்ணில் உட்கார்ந்தார். ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டார். அம்மா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

"நடந்துட்டாருன்னு சொன்னாங்கண்ணே."

"நல்லதுக்குத்தான் சொல்லிருப்பாங்க. உண்மையச் சொல்லிருந்தா நீ அதுக்கப்புறம் ஆடிருப்பியா?"

இளமாறன் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்பறம் நான் டிவில யாரைப் பாத்திருப்பேன்?" அண்ணன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நீ புடிச்சது சரியான புடி தம்பி. வரப்பு சரியில்ல. மேல விழுந்தவங்க வேணும்னு விழல. யாரையும் குத்தம் சொல்ல நான் இங்க வரல. ஒண்ணு மட்டும் ஒங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குத்தான் வந்தேன்."

"சொல்லுங்கண்ணே."

"என் காலைத் தொட்டதுல நான் கடைசியா உணர்ந்தது ஒன் கைதான். அதுக்கப்புறம் எத்தனையோ பேர் தொட்டுட்டாங்க. டாக்டருங்க, நர்சுங்க. அம்மா தினம் தொடுது. எதுவும் எனக்குத் தெரியாது. ஒன் கை தெரியும். குதிகாலுக்குக் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. ஈரமா மண்ணோட இருந்துச்சு. காலு இருந்தா எப்பிடி இருக்கும்னு மறந்துபோற மாதிரி இருந்தா, நான் அதைத்தான் நெனச்சுக்குவேன். நீ டிவில யாரையாவது புடிக்கிறப்ப எனக்கு அது கொஞ்சம் வரும்."

இதை அண்ணன் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கையில் அண்ணனின் செருப்பு அப்படியே இருந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் எண்ணெய் போட்டு நீவிவிட்ட கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளமாறன் கையை நீட்டப் போய், பாதியில் நிறுத்தினார்.

"தொடலாமாண்ணே?"

"புடி. அன்னிக்குப் புடிச்ச மாதிரியே புடி."

அவர் முன்னால் நகர்ந்து வந்தார். ஒரு கையைக் குதிகாலுக்கு அடியில் கொடுத்தார். இன்னொரு கையை மேலே வைத்தார். குனிந்து, முழங்காலுக்குக் கீழே நெற்றியை வைத்தார். அப்படியே இருந்தார். அண்ணன் அந்தக் கைகளைக் கூர்ந்து பார்த்தான். வேறு யாருடைய காலிலோ இருக்கும் கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"தெரியுதாண்ணே?" இளமாறன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இல்ல தம்பி."

அவர் இன்னும் இறுக்கினார். வீங்கிய அந்த விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கினார். முதுகு குலுங்கியது. 

அம்மா செருப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இறுக்காதய்யா. அவனுக்குத் தெரியாது. தோலு மெல்லிசாப் போச்சு, புண்ணாயிடும்."

சொல்லிவிட்டு, அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டாள். பிறகு அவர் உள்ளங்கையை மலர்த்தி, அண்ணனின் குதிகாலை அதில் பதிய வைத்தாள்.

"இப்பிடித் தாங்கிக்க. ஆங். அப்பிடியே வச்சிரு."

முன்வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இளமாறன் அப்படியே வைத்திருந்தார்.